மச்சான் இல்லாத பிசினஸ்

சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஓட்டு வீடு. காலை பதினொரு மணி. மிக்சியில் சாய்த்து வைத்த செல்போனில் ஒரு ஜூம் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்களைத் தொழில்முனைவோர் ஆக்கும் இலவச ஆன்லைன் பயிற்சி. நடத்துவது யார் என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை. இதே வகுப்பை இதே மாதிரி நடத்துகிறவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள்.

திரையில் ஒன்பது கட்டம் போட்ட ஒரு படம். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிய பயிற்சியாளர், "மேடம், உங்க கஸ்டமர் செக்மென்ட் யாரு?" என்று கேட்டார். அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு மியூட்டை எடுக்கவே அரை நிமிஷம் ஆனது. "ஏனுங்க, கேக்குதுங்களா? எங்க வீதிச் சனமும் ரெண்டு கடையும்ங்க" என்றார்.

"சூப்பர்! ஆனா நாம குளோபலா யோசிக்கணும்" என்றார் பயிற்சியாளர்.

குளோபலாக யோசிப்பதற்குள் அவருடைய மகன் வந்துவிட்டான். போன் அவனுடையது. காலேஜ் போக வேண்டும். மிக்சியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாதி வகுப்பு அவனோடு பஸ் ஏறிப் போனது. ஆனாலும் சாயங்காலம் சர்டிஃபிகேட் வந்துவிட்டது. தங்கக் கலர் பார்டர் போட்டு, அவர் பெயரை ஒரு எழுத்துப் பிழையோடு அச்சிட்டு.

நான் அங்கே போனது இந்த மாதிரிப் பயிற்சிகளைப் பாராட்டி ஒரு கட்டுரை எழுதத்தான். உண்மையிலேயே. பெண்கள், டெக்னாலஜி, முன்னேற்றம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் எந்தப் பத்திரிகைக்காரன் விடுவான்? எழுதாமல் திரும்பியதற்குக் காரணம் ஒரு நாற்பது பக்க நோட்டு.

வகுப்பு அறுந்து போனதும், "உங்களுக்கு நெஜமா என்னங்க பிரச்னை?" என்று கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டு வந்து காட்டினார். கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடி. மாதம் சுமார் இருபதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு போடுகிறார். பெரும்பகுதி அந்த இரண்டு கடைகளுக்குத்தான். கடைக்காரர்கள் வித்த பிறகுதான் காசு தருவார்கள். வித்த பிறகு என்றால், வித்து இரண்டு மாதம் கழித்து. விற்காததைத் தேதி முடிந்ததும் ரிட்டர்ன் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நஷ்டமும் இவருக்கே.

நான் பி.காம். படித்தவன். மூன்று வருஷம் படித்ததில் பெரும்பாலானது மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை: நோட்டில் இருக்கும் லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு. அந்த நோட்டைப் புரட்டி நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். இருபதாயிரத்துக்கு விற்றால் அடக்கம் பதினேழாயிரம். லாபம் மூவாயிரம். இரண்டு மாதப் பணம் வெளியே நிற்கிறது என்றால், அவருடைய அடக்கக் காசில் முப்பத்து நாலாயிரம் எப்போதும் கடைக்காரரின் கல்லாவில் கிடக்கிறது. அவ்வளவு பணம் அவரிடம் ஏது? வட்டிக்கு வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. மாதம் ஆயிரத்து இருபது ரூபாய். அதாவது, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வறுத்து, அரைத்து, சலித்துச் சம்பாதிக்கும் மூவாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு, கடைக்காரர் சும்மா இழுத்தடிப்பதற்கான கூலி. கடைக்காரருக்கு இவர்தான் வட்டியில்லாத பேங்க்.

இதை அவருக்கு ஒதுக்கப்பட்ட 'மென்டார்' அம்மையாரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். மாதம் ஒருமுறை முக்கால் மணி நேரம் போனில் பேசுகிறாராம். நல்ல மனுஷி, அன்பாகப் பேசுவார் என்று இவரே சொன்னார். "லோகோ மாத்தச் சொல்லியிருக்கறாங்க. பச்சைக் கலரு வெச்சா ஆர்கானிக் மாதிரி தெரியுமாமுங்க."

கோபம் வருகிறதா? எனக்கு வந்தது. அந்த மென்டார் மேல் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். கோபம் நம் எல்லோர் மனசிலும் ஊறிப் போயிருக்கும் ஓர் எண்ணத்தின் மேல். ஏழைப் பெண்ணுக்கு இல்லாதது அறிவு, அதைக் கொடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும் என்கிற எண்ணம்.

*

கோயமுத்தூர்க்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் ஊரில் பம்பு செய்தவர்கள், கிரைண்டர் செய்தவர்கள், பக்கத்தில் திருப்பூரில் பனியன் செய்தவர்கள், எல்லோரும் எந்த வகுப்பில் தொழில் கற்றார்கள்? ஒன்பது கட்டம் போட்ட படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

கொங்கு மண்ணில் தொழில் எப்படிப் பிறக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஒருத்தன் மாமன் கம்பெனியில் கைமடியாகச் சேர்வான். நாலு வருஷம் கழித்து, "தனியா நாலு பவர் டேபிள் போடேன், நான் ஜாப் ஒர்க் தர்றேன்" என்று மச்சானே சொல்வான். மெஷின் தவணையில் வரும். நூல் கடனில் வரும். முதல் சம்பளப் பட்டுவாடாவுக்கு ஏலச்சீட்டை எடுத்துக்கொள்ளலாம். நொடித்தால் பங்காளி தாங்குவான். எந்தப் பார்ட்டி காசு கொடுப்பான், எவன் ஏமாற்றுவான் என்பது கல்யாண வீட்டுப் பந்தியிலேயே தெரிந்துவிடும். மென்டாரிங் என்று இன்றைக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தார்கள். பெயர்தான் மச்சான்.

ஷரத் சாரி என்கிற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி ஆராய்ந்து, 2004இல் 'ஃப்ரேடர்னல் கேப்பிடல்' என்று ஒரு புத்தகமே எழுதினார். சகோதர மூலதனம் என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்காரர்களாக இருந்த விவசாயிகள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதுதான் விஷயம். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால் முதலாளிகள் சொன்ன ஒரே பதில், உழைப்பு. உழைப்பு பொய்யில்லை. ஆனால் பக்கத்து மெஷினில் அதே அளவு உழைத்த பெண் ஏன் முதலாளி ஆகவில்லை? அவளுக்குத் தொழில் தெரியாதா? காஜா, பட்டன், ஓவர்லாக், செக்கிங், பிசிறு வெட்டுவது என்று திருப்பூரில் அவள் கை படாத பனியன் உண்டா? அவளுக்கு இல்லாமல் போனது நூலைக் கடனாகத் தரும் ஒரு மச்சான்தான். சகோதர மூலதனத்தில் சகோதரிக்குப் பங்கில்லை.

ஆக, ஆணுக்கு ஆர்டர், கடன், தவணை, தகவல், நொடித்தால் தாங்க ஒரு தோள். பெண்ணுக்குப் பவர்பாயின்ட். இதற்குப் பெயர் அதிகாரப்படுத்துதல்.

*

"சும்மா குறை சொல்லாதீங்க சார், உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க" என்று சிலர் சொல்வார்கள். உலகம் பூரா பண்ணுகிறார்கள் என்பது நிஜம். 2008இல் கோல்ட்மேன் சாக்ஸ் பத்தாயிரம் பெண்களுக்குப் பயிற்சி என்று ஆரம்பித்தது. நம் நிதி ஆயோக்கும் 2018 மகளிர் தினத்தன்று பெண் தொழில்முனைவோருக்கென்று ஓர் இணையத் தளம் தொடங்கியது. ஆனால் அதே உலகத்தில், இதனால் என்ன பலன் என்று உட்கார்ந்து அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்தது நம்மூர் மாமியார்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

பக்கத்தில் இலங்கையில் பெண் சிறுதொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது லாபத்தில் மாற்றமே இல்லை. பயிற்சியோடு கொஞ்சம் பணமும் கொடுத்தபோது லாபம் ஏறியது. இரண்டாம் வருஷத்துக்குள் அதுவும் கரைந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது கென்யா கதை. நைரோபி ஓரத்தில் டண்டோரா என்று ஒரு பகுதி. நகரத்துக் குப்பை மலை இருக்கிற ஏழைப் பேட்டை. அங்கே தொழில் ஆரம்பித்த இளம் பெண்களில் ஒரு பிரிவுக்கு வகுப்பு எடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, அதே பேட்டையில் அதே மாதிரித் தொழிலை வெற்றிகரமாக நடத்தும் ஒரு மூத்த பெண்மணியை அறிமுகம் செய்து வைத்தார்கள். அவ்வளவுதான். வகுப்புக்குப் போனவர்களின் லாபம் அசையவில்லை. அக்கா கிடைத்தவர்களின் லாபம் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு கூடியது. அந்த அக்கா என்ன சொல்லிக் கொடுத்தாள்? பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எந்த மொத்தக் கடையில் சரக்கு மலிவு என்று சொன்னாள். அக்காவைப் பார்ப்பது நின்றதும் லாபமும் பழையபடி இறங்கிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். தொடுப்பு விட்டால் போச்சு.

இன்னொன்று நம் நாட்டிலேயே. அகமதாபாத்தில் சேவா வங்கி, 1974இல் உழைக்கும் பெண்களே தொடங்கியது. அதன் வாடிக்கையாளர் பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சிலரைத் தனியாக வரச் சொன்னார்கள். சிலரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான், வாத்தியார் ஒன்றுதான். தோழியோடு வந்தவர்கள்தான் பிறகு துணிந்து கடன் வாங்கித் தொழிலில் போட்டார்கள். அதிலும், பெண்கள் வெளியே போகக் கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகங்களிலிருந்து வந்தவர்களுக்குத் தோழியால் வந்த பலன் இன்னும் அதிகம்.

இப்போது அந்த ஜூம் திரையை மறுபடி பாருங்கள். முப்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெண். பக்கத்துக் கட்டத்தில் இருப்பவள் உக்கடமா, உடுமலைப்பேட்டையா, ஒன்றும் தெரியாது. வகுப்பு முடிந்ததும் ஒருத்தி நம்பர் இன்னொருத்திக்குப் போகாது. தோழியும் இல்லை, அக்காவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தை தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே தெரியும். 1989இல் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பெண்கள் குழுக்கள் ஆரம்பித்தார்களே, 1997இல் மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்ததே, அதில் என்ன இருந்தது? பத்துப் பதினைந்து பேர், மாசம் தவறாமல் ஒரு கூட்டம், சேமிப்பு, தங்களுக்குள்ளேயே கடன், கணக்கு நோட்டு, அதே தெருவைச் சேர்ந்த ஓர் ஊக்குநர். அதன் குறைகள் எனக்கும் தெரியும். குழுக் கூட்டம் என்ற பேரில் கட்சிக் கூட்டத்துக்கு ஆள் கூட்டிப் போன கதையெல்லாம் இங்கே வேண்டாம். ஆனால் ஊக்குநர் என்பவள் வீட்டுக்கு வருவாள். மகன் போனை எடுத்துக்கொண்டு போனால் காணாமல் போக மாட்டாள்.

போன் என்றதும் ஒரு புள்ளிவிவரம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இன்டர்நெட்டை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்கிற பெண்கள் பாதிக்கும் குறைவு. அதற்குப் பிறகு எண்ணிக்கை நிச்சயம் கூடியிருக்கும். ஆனால் வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் இருந்தால் அது யார் பையில் இருக்கும் என்பதற்குச் சர்வே தேவையில்லை.

*

சரி, எல்லாத் தடையையும் தாண்டி ஒரு பெண் அந்த வகுப்பில் சொன்னதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டாள் என்று வையுங்கள். "ஆன்லைன் பிளாட்ஃபார்மில் லிஸ்ட் பண்ணுங்க" என்பதுதான் எல்லா வகுப்பிலும் பன்னிரண்டாவது ஸ்லைடு. பண்ணினால் என்ன ஆகும்?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கடை வைத்து விற்பவருக்கு வருஷம் இருபது லட்சம் வரை பதிவு வேண்டாம். 2019 ஏப்ரலிலிருந்து சரக்கு விற்பவருக்கு அது நாற்பது லட்சம். ஆனால் ஆன்லைன் சந்தையில் விற்றால்? ஒரே ஒரு பாக்கெட் கொள்ளுப் பொடி விற்றாலும் பதிவு கட்டாயம். பதிவு என்றால் ரிட்டர்ன், ரிட்டர்ன் என்றால் ஆடிட்டர், ஆடிட்டர் என்றால் ஃபீஸ். ரோட்டு மேல் முப்பத்தொன்பது லட்சத்துக்கு வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கு இல்லாத தொல்லை, வீட்டுக்குள்ளிருந்து மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் பெண்ணுக்கு. ஒரு பக்கம் டிஜிட்டலுக்கு வா வா என்று வகுப்பு. மறுபக்கம் வாசலிலேயே ஒரு சுங்கச்சாவடி. 2023 அக்டோபர் முதல் தேதிதான் இதைத் தளர்த்தினார்கள். ஆறேகால் வருஷம்!

அந்தத் தளர்விலும் ஒரு கண்டிஷன். மாநிலத்துக்குள் விற்றால் மட்டும்தான். சிங்காநல்லூரிலிருந்து கன்னியாகுமரி நானூறு கிலோமீட்டருக்கு மேல்; தாராளமாக அனுப்பலாம். பாலக்காடு ஐம்பது கிலோமீட்டர்; வாளையாறு தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம், பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு. கொள்ளுப் பொடிக்கு இல்லை. குளோபலாக யோசிக்கச் சொன்னாரே அந்தப் பயிற்சியாளர், வாளையாறு வரைக்கும் யோசித்தாரா என்று கேட்க வேண்டும்.

இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று எந்தப் பயிற்சி நிறுவனமாவது ஊர் ஊராகக் கூட்டம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. பெண்ணை மாற்றுவது சுலபம். போட்டோவும் நன்றாக வரும்.

கடன் கதையும் இதே மாதிரிதான். சிறு தொழில் கடனுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. முத்ரா 2015இல் வந்தது. விதி தெளிவாக இருக்கிறது. கவுன்ட்டரில் என்ன கேட்கிறார்கள்? "வீடு யார் பேர்லம்மா இருக்கு? வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க." இந்த இடத்தில்தான் ஒரு மென்டார் வேண்டும். ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, பேங்க் மேனேஜர் முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் சார் கேக்கறீங்க?" என்று கேட்கிற மென்டார். வீடியோ காலில் அது முடியாது.

*

இனி எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? அரசுப் பள்ளிச் சத்துணவில் சமைக்க ஓர் அருந்ததியர் பெண் வந்தார். அவர் சமைக்கக் கூடாது என்று ஊரில் ஆதிக்க சாதியினர் மறித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அரசு வேலை, அரசு அரிசி, அரசுப் பள்ளி. அங்கேயே இந்த நிலைமை.

இப்போது அதே ஊரில் அதே சமூகத்துப் பெண் ஒருத்தி இட்லி மாவு அரைத்து விற்க ஆசைப்படுகிறாள் என்று வையுங்கள். "உங்க கஸ்டமர் செக்மென்ட் யாரு?" என்ற கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? எந்த ஸ்லைடில் இதற்கு விடை இருக்கிறது? பின்தங்கிய பெண்கள், நலிந்த பெண்கள் என்று பயிற்சி அழைப்பிதழ்களில் பக்கம் பக்கமாக அச்சடிக்கிறார்களே, யார் அவர்களைப் பின்னால் தள்ளியது என்று ஒரு வரி இருக்கிறதா? தன்னம்பிக்கை வகுப்பு அவளுக்கா வேண்டும்? சாதி பார்த்து மாவு வாங்குகிறவனுக்கு ஒரு வகுப்பு எடுங்கள், நான் வந்து முன் வரிசையில் உட்காருகிறேன்.

ஆன்லைனில் ஒரு நன்மை உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பாக்கெட்டின் மேல் சாதி தெரியாது. வாளையாறு பிரச்னை தீர்ந்தால் அவள் மாவை விட்டுவிட்டுப் பொடிக்கு மாறலாம், தெரியாத ஊருக்கு அனுப்பலாம். ஆனால் சொந்த ஊரில் விற்க முடியாததால் உலகத்துக்கு விற்பது என்பதை வெற்றிக் கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது பி.காம். புத்தி. இந்தப் பயிற்சிகளில் கணிசமானவற்றுக்குப் பணம் கொடுப்பவை பெரிய கம்பெனிகள். 2013 கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள கம்பெனி, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம். கம்பெனிக்கு வேண்டியது வருஷக் கடைசியில் அறிக்கையில் போட ஓர் எண். 'ஐந்நூறு பெண்களுக்குப் பயிற்சி.' ஆன்லைனில் ஐந்நூறு என்பது ஒரு லிங்க் அனுப்பும் வேலை. அதில் எத்தனை பேர் மூன்று வருஷம் கழித்தும் தொழிலில் இருக்கிறார்கள் என்கிற எண்ணை எந்த அறிக்கையிலாவது தேடிப் பாருங்கள்.

அதே கம்பெனியின் அடுத்த மாடியில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் இருக்கிறது. கேன்டீனுக்கு முறுக்கு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், ஊழியர்களுக்கு யூனிஃபார்ம், மீட்டிங்குக்குத் துணிப்பை, எல்லாம் வாங்குகிறார்கள். அந்த ஐந்நூறு பெண்களில் ஒருத்தியிடமாவது வாங்கியதுண்டா? கேட்டால், "வெண்டார் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லை, தொண்ணூறு நாள் கிரெடிட் தர மாட்டாங்க" என்பார்கள். கீழ் மாடியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். மேல் மாடியில் கதவைச் சாத்துகிறார்கள். இதில் சட்டமும் ஒரு கை கொடுக்கிறது. வழக்கமான வியாபாரத்துக்காகச் செய்யும் செலவு சமூகப் பொறுப்புக் கணக்கில் சேராது. பாடம் எடுத்தால் கணக்கில் வரும், முறுக்கு வாங்கினால் வராது.

மத்திய அரசு தன் நிறுவனங்களுக்கு 2012இல் ஓர் உத்தரவு போட்டு, 2018இல் அதைத் திருத்தியது. வாங்குவதில் நாலில் ஒரு பங்கு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து; அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு மூன்று சதவிகிதம். மூன்றே மூன்று. அதுவும் பொதுத்துறைக்குத்தான். கோவையில் மேடைக்கு மேடை மகளிர் தினத்தில் ரோஜாப்பூ கொடுக்கிற தனியார் முதலாளிகள் ஆளுக்கு ஒரு சதவிகிதம் என்று அறிவிக்கட்டுமே. எனக்கு ரோஜாப்பூ மேல் விரோதமில்லை. ஆர்டர் காப்பியோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னும் வாசனையாக இருக்கும்.

இழுத்தடிப்பதற்கும் சட்டம் இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சட்டம். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. படிக்கவே இனிக்கிறது. இதை அந்த அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கேசு போட்டா காசு வருமுங்க. அடுத்த சரக்கு யாருங்ணா எடுப்பாங்க?"

நீங்களும் நானும் யோக்கியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பார்கோடு காட்டும் விலையை வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து முறுக்கு தருகிற அம்மாவிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். "மாசக் கடைசில தர்றேன் அக்கா" என்கிறோம். கொடுக்க மறந்தும் போகிறோம். என் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

*

அப்படியானால் ஆன்லைன் வகுப்பே வேண்டாமா? வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கிறவளுக்கு, படுத்த படுக்கையான மாமனாரை விட்டு நகர முடியாதவளுக்கு, வாசல் தாண்ட அனுமதி கிடைக்காதவளுக்கு அதுதான் ஒரே ஜன்னல். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் தமிழில் இருக்கட்டும். வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு இருக்கட்டும், அல்லது வேண்டும்போது கேட்கிற மாதிரி ஒலிப்பதிவாக இருக்கட்டும். முப்பது ஊரிலிருந்து முப்பது பேரைச் சேர்க்காமல், ஒரே வட்டாரத்தில் பத்துப் பேரைச் சேர்க்கட்டும். மென்டார் மும்பையில் இருந்து லோகோ பார்க்காமல், நாலு வருஷம் முன்பு இதே கஷ்டத்தைப் பட்டு மேலே வந்த உள்ளூர்க்காரியாக இருக்கட்டும். அவளுக்கு அதற்குச் சம்பளமும் இருக்கட்டும். பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து, கடைக்காரர் தரும் வரைக்கும் காத்திருக்காமல் பில்லுக்கு உடனே பணம் தருகிற ஒரு சின்ன நிதி வைக்கட்டும். அந்த முப்பத்து நாலாயிரம் ரூபாய் முடங்காமல் இருந்தால், அந்த அம்மாவின் வருமானம் நாளைக்கே மாதம் ஆயிரம் ரூபாய் கூடும். எந்த ஸ்லைடாலும் இதைச் செய்ய முடியாது.

வகுப்பு எடுக்காமலேயே தொழில் கொடுத்தவர் ஒருவர் இதே கோவையில் இருக்கிறார். அருணாசலம் முருகானந்தம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். சானிட்டரி நாப்கின் எதனால் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. 2016இல் பத்மஸ்ரீ, 2018இல் இந்திப் படம் எல்லாம் பிறகு. அவர் கண்டுபிடித்த மெஷினைப் பெரிய கம்பெனிக்கு விற்றிருந்தால் பணக்காரராகியிருப்பார். மகளிர் குழுக்களுக்குத்தான் விற்றார். ஒரு குழு, ஒரு மெஷின், தங்கள் தெருவிலேயே சந்தை, தாங்களே வைத்துக்கொள்கிற பிராண்ட் பெயர். அந்தச் சின்ன யூனிட்டுகளையும் வரி விட்டுவைக்கவில்லை. 2017இல் நாப்கினுக்குப் பன்னிரண்டு சதவிகிதம் போட்டார்கள். 2018 ஜூலையில் ரத்து செய்தார்கள், நாமெல்லாம் கை தட்டினோம். விலக்குப் பெற்ற பொருளுக்கு, மூலப்பொருளில் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது என்பது கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும். கை தட்டும்போது யாரும் அதைச் சொல்லவில்லை, நான் உள்பட.

அன்றைக்குச் சிங்காநல்லூரிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, நீங்க நாலு எடம் போறவரு. இந்த ஜிப் கவர் எங்க வெல கம்மியா கெடைக்குமுங்க? எங்க பஸ் ஸ்டாப் கடைல நாலரை ரூவா சொல்றாங்க."

எனக்குத் தெரியவில்லை. ரங்கே கவுடர் வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் என் கல்லூரி நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் அதே வீதியில் ஒரு கடையின் பெயரைச் சொன்னான். மூணே கால் ரூபாய். அந்த அம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடைப் பெயரையும் விலையையும் எழுதிக்கொண்டு, மாதம் எத்தனை கவர் ஆகிறது என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.